அரை ராத்தல் சர்க்கரை

ஆல்பி குரௌச்சின் பிணத்தைக் கால்வாயிலிருந்து எடுத்தார்கள் என்று கேட்டதும் சார்ஜெண்ட் பாப்ஜாய்க்கு முதலில் தோன்றியது ஒரு சந்தேகம்தான். இந்தப் பிப்ரவரிக் குளிரில் கால்வாய் முழுக்க ஐஸ். அதில் ஒருவன் விழ வேண்டுமென்றால் யாராவது முன்கூட்டியே ஓட்டை போட்டு வைத்திருக்க வேண்டும்.

“தற்கொலைன்னு எழுதியிருக்காங்க சார்,” என்றான். “கோடாலியோட போய்த் தற்கொலை பண்ணிக்கிட்ட முதல் ஆளு நம்ம ஆல்பியாத்தான் இருப்பான்.”

இன்ஸ்பெக்டர் டிரான்டர் சிரிக்கவில்லை. மேஜைமேல் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. காலை பத்தரை மணிதான், ஆனால் பன்னிரண்டு வரை கரண்ட் கிடையாது, ஜன்னலுக்கு வெளியே லண்டன் முழுக்க ஒரே சாம்பல் நிறம். டிரான்டர் அந்த வெளிச்சத்தில் அறிக்கையை இன்னொரு முறை படித்தார். மீன் கடை விலைப்பட்டியலைப் படித்தாலும் அவர் முகம் அப்படியேதான் இருந்திருக்கும்.

பாப்ஜாய் ஆல்பிக்காக வருத்தப்பட முயன்று பார்த்தான். இருபது மாதம் தங்களுக்குச் சேதி கொண்டுவந்தவன், லாரிகளில் எடுபிடி, வாய் ஓயாதவன், யாரிடமும் சண்டை போடாதவன். வருத்தம் வரவில்லை. யுத்தத்தில் குண்டு விழுந்த வீடுகளிலிருந்து ஆறு வருஷம் ஆட்களைத் தோண்டி எடுத்ததில் அந்தச் சரக்கு அவனிடம் தீர்ந்துபோயிருந்தது. அதனால்தான் அவன் ஜோக் அடித்தான். சும்மா இருந்தால் உள்ளே ஒன்றுமில்லை என்பது வெளியே தெரிந்துவிடும்.

அவர்கள் இருந்த அறையின் கதவில் பெயர்ப்பலகை கிடையாது. மொத்தம் நாலு பேர். யாரையும் கைது செய்யக்கூடாது, கோர்ட்டுப் படி ஏறக்கூடாது, யூனிஃபார்ம் போடக்கூடாது. விஸ்கியும் துணியும் ரேஷன் கூப்பனும் லாரி லாரியாகக் கொள்ளையடிக்கிற கும்பல்களுக்குள் ஆள் பிடித்து, சேதி வாங்கி, ஏதாவது ஒரு ஸ்டேஷனின் காதில் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். பிடிபடுகிறவனுக்குத் தன்னை யார் காட்டிக்கொடுத்தது என்று கடைசிவரை தெரியாது. அதுதான் இந்தப் பிரிவின் ஒரே மூலதனம்.

இப்போது அது போய்விட்டது. லண்டனின் தென்கரையை ஆட்டிப்படைக்கும் ரூக் கும்பலுக்கு ஆல்பியைப் பற்றித் தெரிந்திருக்கிறது. ஆல்பியின் பெயர் தெரிந்தவர்கள் இந்த அறைக்குள் இருக்கும் நாலு பேர் மட்டும்தான்.

சூப்பரின்டெண்டெண்ட் ஃபேர்லி காலையில் வந்து இரண்டே வாக்கியம் பேசிவிட்டுப் போயிருந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்குள் யார் வழியாகச் சேதி கசிந்தது என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஆறு மணிக்குப் பிரிவு கலைக்கப்படும்.

“கலைச்சா கலைக்கட்டும்,” என்றான் பாப்ஜாய். “ரூம்ல கரி கூட இல்ல. ஆனா டோராவை என்ன பண்றது சார்?”

டோரா மின்சின் அவர்களுடைய இன்னொரு ஆள். டெப்ட்ஃபோர்டில் லாரிக்காரர்கள் டீக்கடையில் பரிமாறுகிறவள். ரூக்கின் ஆட்கள் அங்கேதான் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். அவளுக்குக் காது நல்ல காது.

“அவளை இன்னிக்கே எங்கேயாவது அனுப்பிடலாமே?”

“திடீர்னு காணாமப் போனா அதுவே ஒப்புதல் வாக்குமூலம்,” என்றார் டிரான்டர். “ரூக்கு ஊர் ஊரா ஆள் வச்சிருக்கான். அதோட, அவளை ஒளிச்சு வைக்கிற இடம் நம்ம நாலு பேருக்குத்தானே தெரியும்? நாலுல ஒருத்தன் சரியில்லைன்னா?”

யார் ஆல்பியைக் கொன்றார்கள் என்பது இப்போது முக்கியமில்லை. எந்த வழியாக அவனைக் கண்டுபிடித்தார்களோ அதே வழியில் டோராவையும் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்கள் முந்துவதற்குள் அந்த வழி தெரிந்தாக வேண்டும்.

*

ரோதர்ஹைத் போகிற பஸ்ஸில் கண்ணாடிக்கு உள்பக்கமும் ஐஸ் பிடித்திருந்தது. பாப்ஜாய் விரல்களை அக்குளில் செருகிக்கொண்டான்.

“ஒரு உண்மையைச் சொல்லிடறேன் சார். உங்களைக் கண்காணிக்கச் சொல்லி ஃபேர்லி என்கிட்ட ரகசியமா சொல்லியிருக்கார்.”

“உன்னைக் கண்காணிக்கச் சொல்லி என்கிட்டயும் சொல்லியிருக்கார்.”

“நல்லதாப் போச்சு. ஒரே பஸ் டிக்கெட்ல ரெண்டு வேலையும் முடிஞ்சது.”

ஆல்பி குடியிருந்த தெருவில் இடது பக்கம் வீடுகள் இருந்தன. வலது பக்கம் பனி மூடிய செங்கல் குவியல். வீட்டுக்காரி திருமதி டஃப்னல் கோட்டுக்கு மேல் கோட்டு போட்டுக்கொண்டு, பழைய பிரம்புத் தள்ளுவண்டியில் கரித்துண்டுகளை ஏற்றி வாசலில் நின்றிருந்தாள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆட்கள் என்று பாப்ஜாய் சொல்லிக்கொண்டதும், “இன்ஷூரன்ஸா? ஆல்பிக்கா? பத்து நாளா வாடகை குடுக்காதவன் இன்ஷூரன்ஸ் கட்டினானா?” என்றாள்.

“அவன் செத்ததுல கம்பெனிக்கே ஆச்சரியம்மா,” என்றான் பாப்ஜாய்.

மேலே அறையில் கட்டில், கெட்டில், ஒரு ஜோடி பூட்ஸ். யாரும் எதையும் கலைக்கவில்லை. அலமாரியில் ரேஷன் புத்தகம் பத்திரமாக இருந்தது. பாப்ஜாய் அதைப் பிரித்துப் பார்த்தான். இறைச்சி, சர்க்கரை, கொழுப்பு எல்லாவற்றுக்கும் தெருமுனைக் கடையில்தான் பதிவு செய்திருந்தான். எல்லாரும் செய்கிறபடி.

“அவனைத் தேடிக்கிட்டு யாராவது வந்தாங்களாம்மா?” என்று டிரான்டர் கேட்டார்.

“வியாழக்கிழமை ஒரு ஆளு வந்தாரே. உணவு ஆபீஸ்லேருந்து. மஞ்சள் மஃப்ளர் கட்டிக்கிட்டு, ரொம்ப மரியாதை தெரிஞ்ச மனுஷன். ரேஷன் புத்தகம் சரியா இருக்கான்னு பார்க்கணும்னார். தொப்பியைக் கழட்டிட்டுத்தான் உள்ளயே வந்தார்.”

“புத்தகத்தைப் பார்த்தாரா?”

“புரட்டினார். ஆனா...” அவள் கொஞ்சம் யோசித்தாள். “அது என்ன வேடிக்கைன்னு நானே நினைச்சேன். புத்தகத்தை அங்கேயே வச்சுட்டு, காலிச் சர்க்கரைப் பையை மடிச்சுக் கோட்டுக்குள்ள போட்டுக்கிட்டார்.”

“காலிப் பையா?”

“காலிப் பைதான். ஆல்பிக்கு எங்கேருந்தோ சர்க்கரை வந்துக்கிட்டிருந்தது, தம்பி. பொய் சொல்வானேன், எனக்கும் ரெண்டு ஸ்பூன் குடுப்பான். தெருவுல நாலு பேருக்கு டீயில போட்டுக் குடுத்திருக்கான். எங்கேருந்துடான்னு கேட்டா, எனக்கொரு சிநேகிதர் இருக்கார்னு சிரிப்பான். இந்தத் தெருக் கடையில வெள்ளைக் காகிதத்துலதான் கட்டுவாங்க. இது நீலப் பை. அடியில மணி படம் போட்ட முத்திரை, பக்கத்துல பென்சில்ல ஏதோ நம்பர்.”

பாப்ஜாய்க்குச் சுறுசுறுப்பு வந்தது. இப்படிப்பட்ட துப்பு அவனுக்குப் பிடிக்கும். ரூக் கும்பல் இரண்டு லோடு சரக்கைப் போலீஸிடம் பறிகொடுத்திருக்கிறது. உள்ளே எலி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, புதிதாக யாரிடம் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஒருவன் ஒரே ஒரு கடையில்தான் சர்க்கரை வாங்க முடியும். வேறு கடைப் பை அவன் வீட்டில் இருந்தால் வேறு பேட்டையில் அவனுக்கு ஒரு ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். தன் பங்கு சர்க்கரையையே கொடுக்கிற அளவுக்கு நெருக்கமான ஆள்.

“ஆக, எங்கேயோ ஒரு மணி அடிச்சிருக்கு,” என்றான் படியில் இறங்கும்போது. “லண்டன்ல மணி முத்திரை போடற மளிகைக்கடை எத்தனை இருக்கும் சார்? சைக்கிள்ல சுத்தினா ஏப்ரலுக்குள்ள முடிச்சுடலாம்.”

“ஒண்ணு எனக்குத் தெரியும்,” என்றார் டிரான்டர். “கென்னிங்டன்ல.”

அதற்குப் பிறகு பஸ்ஸில் நாற்பது நிமிஷம் அவர் வாயே திறக்கவில்லை. பாப்ஜாய் ஃபேர்லியைப் பற்றி ஒரு ஜோக் சொன்னான், அரசாங்கத்தைப் பற்றி ஒன்று, உருளைக்கிழங்கைப் பற்றி ஒன்று. மூன்றும் நல்ல ஜோக்குகள். மூன்றும் தரையில் விழுந்தன.

*

பெர்ரிமன் மளிகை சின்னக் கடை. கண்ணாடியில் பொன்னிறத்தில் ஒரு மணி. கடைக்கு வெளியே பதினைந்து பெண்கள் வரிசையில் நின்றார்கள், எதற்கு என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. டிரான்டர் வரிசையைத் தாண்டி நேராக உள்ளே போனதில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

கல்லாவுக்குப் பின்னால் திருமதி பெர்ரிமன், கைவிரல் வெட்டிய கையுறையோடு, வெண்ணெயைத் தபால்தலை அளவுக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தாள்.

“என்ன மிஸ்டர் டிரான்டர், செவ்வாய்க்கிழமையே வந்துட்டீங்க? உங்க பங்கு வெள்ளிக்கிழமைதானே?”

பாப்ஜாய் வாசலிலேயே நின்றுவிட்டான்.

“நல்லவேளை வந்தீங்க. உங்களைத் திட்டணும்னு இருந்தேன்,” அவள் நிறுத்தவில்லை. “பையைத் திருப்பிக் கொண்டுவந்தாத்தான் அடுத்த வாரம் சர்க்கரைன்னு எத்தனை தடவை சொல்றது? காகிதம் எங்கே கிடைக்குது? நம்பர் போட்டு வைக்கிறதே அதுக்குத்தானே. உங்க நம்பர் இருநூத்திப் பன்னிரண்டு, ரெண்டு பை தொலைச்சிருக்கீங்க. ஏதோ ஊர்ல இன்னும் நல்லவங்க இருக்கறதால ஒண்ணு திரும்பி வந்தது.”

“யார் கொண்டுவந்தது?” டிரான்டரின் குரல் சாதாரணமாக இருந்தது.

“ஒரு கனவான். மஞ்சள் மஃப்ளர். பஸ்ல கிடந்ததாம், வெள்ளிக்கிழமை வேலை மெனக்கெட்டுக் கொண்டுவந்தார். நம்பர் இருக்கே, யாரோடதுன்னு கேட்டார். போலீஸ் ஆபீஸ்ல ஃபைல் பார்க்கற மிஸ்டர் டிரான்டரோடதுன்னு சொன்னேன்.”

வெள்ளிக்கிழமை கேட்டிருக்கிறான். சனிக்கிழமை ஆல்பியைக் காணோம்.

பாப்ஜாய் தன் மேலதிகாரியின் முதுகைப் பார்த்தான். நாலு பேரில் ஒருவர் என்று காலையிலிருந்து மண்டையைக் குடைந்தது இதற்குத்தானா? இருபது மாதமாக இந்த மனிதர் பின்னால் நடந்திருக்கிறான். ஒருநாள்கூட அவர் கோபப்பட்டோ சந்தோஷப்பட்டோ பார்த்ததில்லை. அப்படிப்பட்ட ஆள் எதையும் விற்கலாம். அந்த எண்ணம் வந்த வேகம் அவனுக்கே பிடிக்கவில்லை. ஆனால் வந்தது வந்ததுதான்.

“அந்த மனுஷன் அதுக்கப்புறம் வந்தாரா?” என்று டிரான்டர் கேட்டார்.

“இன்னிக்குக் காலையில வந்தாரே. அவர் வீட்டுக்கு வேலைக்காரம்மா வேணுமாம், உங்க வீட்டுல யார் பெருக்கறதுன்னு கேட்டார். சில வாரம் உங்க ரேஷன் வாங்க வருமே மின்சின் அம்மா, அதான்னேன். மத்தியானம் டெப்ட்ஃபோர்டு டீக்கடையில இருக்கும்னும் சொன்னேன். அதுக்கும் நாலு காசு வரட்டுமேன்னுதான்.”

“ரொம்ப நன்றி,” என்றார் டிரான்டர்.

*

தெருவுக்கு வந்ததும் பாப்ஜாய் அவர் கோட்டைப் பிடித்தான். இருபது மாதத்தில் முதல் தடவை.

“சார், நடந்துகிட்டே சொல்லுங்க. நீங்களா?”

“நான்தான்.”

“பாவம் பார்த்துக் குடுத்தீங்களா?”

டிரான்டர் கையைக் காட்டி ஒரு டாக்சியை நிறுத்தினார். உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திய பிறகுதான் பதில் சொன்னார்.

“அப்படிச் சொல்லிக்கலாம்னா நல்லாத்தான் இருக்கும். எனக்கு ரெண்டு வருஷமா நாக்குல எதுவும் ருசிக்கறதில்ல, பாப்ஜாய். சர்க்கரை போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான். வீணாப் போகுதேன்னு ஒரு வாரம் ஆல்பிகிட்ட குடுத்தேன், ஒரு வாரம் டோராகிட்ட. கடைசி ரெண்டு தடவை பையோடவே குடுத்துட்டேன். அடியில நம்பர் இருக்கறதை நான் பார்க்கவேயில்ல.”

துரோகம் என்றால் கோபப்படலாம். இரக்கம் என்றால் மன்னிக்கலாம். இது இரண்டுமில்லை. வேண்டாத ஒன்றைக் கைமாற்றிவிட்டதில் ஒரு மனிதன் ஐஸுக்கு அடியில் போய்விட்டான். அதைக் கேட்டும் தனக்குள் எதுவும் அசையவில்லை என்பதுதான் பாப்ஜாயைப் பயமுறுத்தியது.

“டோரா வீட்டு வேலைக்கு வர்ற மாதிரி ஏற்பாடு பண்ணினதே நான்தான்,” என்றார் டிரான்டர். “சேதி வாங்க சௌகரியமா இருக்கும்னு. இப்ப அவனுக்கு ரெண்டு நூலும் ஒரே வீட்டுல வந்து முடியுது. ஆல்பிக்கு என் சர்க்கரை. டோரா என் வேலைக்காரி. கூட்டிப் பார்க்க அவன் மேதையா இருக்க வேண்டியதில்ல.”

“உள்ளூர் ஸ்டேஷனுக்குப் போன் பண்ணலாம்.”

“பண்ணி? போலீஸ் வந்து ஒரு டீக்கடைக்காரியைப் பத்திரமாக் கூட்டிட்டுப் போனா, இன்னிக்குப் பிழைப்பா. அடுத்த மாசம்?” அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “அவங்களே அவளை வேண்டாம்னு விடணும். அதுக்கு ஒரு வழிதான் இருக்கு. உள்ள போனதும் நான் என்ன சொன்னாலும் நீ கூட நில்லு. சிரிப்பு மூட்டு. எவ்வளவு சிரிக்கறாங்களோ அவ்வளவு நல்லது.”

“நீங்க உள்ள வரக்கூடாது சார். முகத்தைக் காட்டினா அதோட உங்க கதை முடிஞ்சுது.”

“தெரியும். சேதி கசிஞ்சது என் வழியாத்தான்னு அஞ்சு மணிக்கு ஃபேர்லிகிட்டயும் சொல்லிடுவேன்.”

*

டீக்கடை நிறைய ஆட்கள். நீராவியும் புகையும். டோரா மின்சின் குள்ளம், ஐம்பது வயது, நாலு தெரு கேட்கிற குரல். அவள் ஏப்ரனைக் கழற்றிவிட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள். கோட்டின் ஒரு கையை மரியாதையாகப் பிடித்துக்கொண்டு நின்றவர் கழுத்தில் மஞ்சள் மஃப்ளர் இருந்தது. வெளியே ஒரு கார் எஞ்சின் ஓடிக்கொண்டே நின்றதைப் பாப்ஜாய் வரும்போதே பார்த்திருந்தான்.

இன்னும் இரண்டு நிமிஷம் போயிருந்தால் டோரா அந்தக் காருக்குள் இருந்திருப்பாள்.

“நில்லுடி திருடி,” என்றார் டிரான்டர்.

பாப்ஜாய் அந்தக் குரலை அதற்கு முன் கேட்டதில்லை. கீச்சென்று, அற்பத்தனமாக, காலணாவுக்குச் சண்டை போடுகிற குமாஸ்தாவின் குரல். கடையில் எல்லாத் தலையும் திரும்பியது.

“என் பேர் டிரான்டர். போலீஸ் ஆபீஸ் இன்ஸ்பெக்டர். என் வீட்டைப் பெருக்க வந்துட்டு வாராவாரம் என் சர்க்கரையைத் திருடியிருக்கே. இன்னிக்கு மளிகைக்கடையில கேட்டு எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேன்.”

டோராவின் வாய் திறந்தது. “என்னங்கய்யா இது, நீங்கதானே...”

“நீங்கதானே சாட்சின்னு கேக்கறியா?” பாப்ஜாய் அவள் வாக்கியத்தை அப்படியே பிடுங்கிக்கொண்டான். “சாட்சியும் அவர்தான், பறிகொடுத்தவரும் அவர்தான், அழுதவரும் அவர்தான். நாலு மாசமா ஆபீஸ்ல இவர் டீயைக் குடிச்சுட்டு முகத்தைச் சுளிக்கறார். நாங்க எல்லாம் டீ நல்லா இல்லன்னு நினைச்சோம்.”

முதல் சிரிப்பு மூலையிலிருந்து வந்தது. பாப்ஜாய் அவள் கைப்பையை வாங்கி மேஜைமேல் கவிழ்த்தான். கைக்குட்டை, சீப்பு, ஒரு கடிதம், ஒரு நீலக் காகிதப் பை. பையைத் தலைகீழாகத் தூக்கிக் காட்டினான். மணி முத்திரை, பென்சிலில் இருநூற்றுப் பன்னிரண்டு.

“கொலை ஆயுதம் கிடைச்சாச்சு. எல்லாரும் தள்ளி நில்லுங்க, உள்ள இன்னும் அரை ஸ்பூன் இருக்கு. இன்ஸ்பெக்டர் எண்ணிப் பார்க்கணும்.”

இப்போது கடை முழுக்கச் சிரித்தது. ஒரு லாரிக்காரன் தன் கோப்பையை நீட்டி, “ஐயா, இதை வச்சுக்குங்க, அழாதீங்க,” என்றான். டிரான்டர் முகம் சிவக்க நின்றார். அந்தச் சிவப்பு எப்படி வந்தது என்று பாப்ஜாய்க்குக் கடைசிவரை புரியவில்லை.

மஞ்சள் மஃப்ளர்க்காரரும் சிரித்தார். பிறகு மென்மையாகக் கேட்டார்.

“மன்னிக்கணும். இந்த அம்மாவை ஒரு வீட்டு வேலைக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு இருந்தேன்.”

“கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி சர்க்கரையைப் பூட்டி வைங்க,” என்றார் டிரான்டர். “இவ தின்னது மட்டுமில்ல, வித்திருக்கா. இங்க டீ குடிக்க வர்றவனுக்கெல்லாம். ரோதர்ஹைத்ல குரௌச்னு ஒருத்தன். என் பை அவன் அறையில கிடந்ததாம். அவனையும் விடப்போறதில்ல. அந்தக் குரௌச் எங்க இருப்பான், உங்களுக்குத் தெரியுமா?”

மஞ்சள் மஃப்ளர்க்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டார். தேவையில்லாமல் ஒருவனைக் கொன்றுவிட்டோம் என்று ஒரு மனிதனுக்குப் புரிகிற நேரத்தைப் பாப்ஜாய் பக்கத்திலிருந்து பார்த்தான். வருத்தமெல்லாம் இல்லை. ஒரு வேலை வீணாகிவிட்ட சலிப்புதான் அந்த முகத்தில் தெரிந்தது.

“தெரியாதுங்க,” என்றார் அவர். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கார் அவரை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது.

விலங்கு யாரிடமும் இல்லை. அந்தப் பிரிவில் யாருக்கும் கொடுத்ததே கிடையாது. பாப்ஜாய் டோராவின் கையைப் பிடித்துத் தெருவில் நடத்திக்கொண்டு போனான். அவள் வழியெல்லாம் டிரான்டரின் பரம்பரையையே திட்டிக்கொண்டு வந்தாள். அது நடிப்பில்லை.

*

போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் அவளை உட்காரவைத்து, அக்கம்பக்கம் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, டிரான்டர் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார். ஆல்பியைச் சொன்னார். பையைச் சொன்னார். அந்தக் கார் எங்கே போயிருக்கும் என்பதையும் சொன்னார். அவள் திட்டுவதை எந்த இடத்தில் நிறுத்தினாள் என்று பாப்ஜாய் கவனிக்கவில்லை.

“ஆல்பியா?” என்றாள். “அந்தப் பையனும் உங்களுக்குத்தான் வேலை பார்த்தானா? எனக்குத் தெரியாதே.”

“உனக்குத் தெரியக் கூடாது.”

“அவன் ஏமாத்துக்காரன்னு நினைச்சு நான் அவனோட முகம் குடுத்தே பேசினதில்ல.” அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். “சரி. கொஞ்ச நேரம் கழிச்சு விட்டுடுவீங்கல்ல?”

“விட முடியாது டோரா. நிஜமாவே உள்ள போனாத்தான் அவங்க நம்புவாங்க. இங்கே இருக்கறவங்களுக்கும் உண்மை தெரியக் கூடாது. நம்ம பிரிவே இல்லைன்னுதான் கணக்கு.”

“ஜெயிலா? எனக்கா?”

“ஆமா.”

அவள் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள்.

“என் மகன் ஜெர்மனியில பட்டாளத்துல இருக்கான். வாரம் ஒரு கடிதாசி போடுவேன். உள்ளேருந்து போட்டா முத்திரையைப் பார்த்தே தெரிஞ்சுடும்.”

“நான் எழுதறேன்,” என்றார் டிரான்டர்.

“என்னன்னு எழுதுவீங்க?”

பாப்ஜாய் யோசித்துப் பார்த்தான். பட்டாள முகாமில் கடிதம் நாலு கை மாறும். அந்த நாலு பேரில் ஒருவனுக்கு டெப்ட்ஃபோர்டில் அண்ணன் தம்பி இருக்கலாம். உண்மையை எழுத வழியில்லை.

“திருடின்னுதான் எழுதணும், இல்ல?” என்றாள் டோரா. “அவன் அவங்கப்பா மாதிரி. இப்படின்னு தெரிஞ்சா அப்புறம் வீட்டுப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டான்.”

மேஜைக்குப் பின்னாலிருந்து ஸ்டேஷன் சார்ஜெண்ட் கூப்பிட்டார். வயதானவர், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. புகாரை எழுதி முடித்துவிட்டு, டிரான்டரை ஏற இறங்கப் பார்த்தார்.

“அரை ராத்தல் சர்க்கரை. இதுக்காகவா சார் இந்த அம்மாவை இழுத்துக்கிட்டு வந்தீங்க?”

“எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க,” என்றார் டிரான்டர்.

அந்த சார்ஜெண்டுக்குப் படித்துக் காட்டக்கூடப் பிடிக்கவில்லை. காகிதத்தைத் தள்ளிவிட்டார். டோராவின் கண்ணாடி கடையிலேயே விட்டுப்போயிருந்தது. பாப்ஜாய் காகிதத்தை எடுத்துப் படித்தான். சமயோசிதமாக ஏதாவது சொல்லலாம் என்று ஒரு கணம் தேடினான். கைக்கு எதுவும் அகப்படவில்லை. அதற்குப் பதிலாக உள்ளே ஏதோ ஒன்று அசைந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வந்ததால் அது என்னவென்றே அவனுக்கு உடனே தெரியவில்லை.

“‘மேற்படி டோரா மின்சின், புகார்தாரர் வீட்டிலிருந்து அரை ராத்தல் சர்க்கரையை ஒரு தடவை எடுத்ததாக ஒப்புக்கொள்கிறாள்.’ இங்க கையெழுத்துப் போடணும்மா.”

டோரா பேனாவை வாங்கினாள். போடவில்லை.

“ஒரு தடவைன்னு போட்டா அபராதம் போட்டு நாளைக்கே வெளியில விட்டுடுவாங்க,” என்றாள் பாப்ஜாயிடம் மெதுவாக. பிறகு மேஜைப் பக்கம் திரும்பினாள். “எழுதறதைச் சரியா எழுதுங்க. வாராவாரம் எடுத்தேன். பதினாறு வாரம்.”